கிணற்றில் இருந்தவன்

மார்கழி ஞாயிறு. மணி ஏழாகவில்லை.
வெள்ளகோயில் பக்கம் எழுபதடிக் கிணறு.
ஃபுட்வால்வு மாட்ட இறங்கியிருந்தேன்.
காத்தில்லை. மோட்டார் ஓடவில்லை.
தண்ணி மட்டும்
தூக்குப்போசி மோராட்டம்
இந்தப் பாறைக்கும் அந்தப் பாறைக்கும் அலம்பியது.

"கயித்த ஆட்டாதீங்கோ!"
"நா எங்கீங்க ஆட்டுனேன்," என்றார்
மேலே நின்ற சென்னியப்பன்.

சுமத்ராவுக்குப் பக்கத்தில்
நூறு நூறு வருசமாய்
ஒன்றின்மேல் ஒன்று நெம்பி நின்ற பாறைத் தட்டுகள்
பூட்டு விட்டு, கடலடி எகிறியதாம்.
மேலே இருந்த தண்ணி அத்தனையும்
ஏறி, சரிந்து, கிளம்பியதாம்.

பாறைக்குள் ஓடிய நடுக்கம்
பத்து நிமிசத்தில் இங்கே வந்துவிட்டது.
அலை நாகப்பட்டினம் போக
இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

அந்த இரண்டு மணி நேரத்தில் நான்
வால்வை முடுக்கினேன்,
முந்நூறு ரூபாய் வாங்கினேன்,
ஈர டவுசரோடு
முத்தூர் ரோட்டில் டீ குடித்தேன்.