மூன்றாம் தையல்

ஊத்துக்கோட்டைச் சோதனைச் சாவடியில்
பையைத் திறக்கச் சொன்னார்கள்.
சாராயம் தேடி நுழைந்த கை
ராஜா அங்கியில் பட்டுத் திடுக்கிட்டது.
"பில் இருக்கா?"
பிச்சாட்டூர் முனிரத்தினம்
நாடகக் கம்பெனியைக் கலைத்தபோது கொடுத்தது சார்,
ஆறாயிரத்து இருநூறு, பில் இல்லை.
"எந்தப் படம்?"
சொன்னேன்.
அவர் தெலுங்கில் வேறொரு பெயர் சொன்னார்.
இரண்டும் ஒரே படம்தான் என்று
எங்களுக்குப் புரிவதற்குள்
பின்னால் மணல் லாரி மூன்று முறை ஹாரன் அடித்தது.

முற்பகல் தமிழ், பிற்பகல் தெலுங்கு.
ஒரே அரண்மனை, ஒரே சிம்மாசனம், ஒரே அங்கி.
ராஜா மட்டும் வேறு.
நம்மவர் ஒல்லி. அவர்களுடையவர் பூரித்த உடம்பு.
சோற்று வேளையில் தையற்காரர்
விலாப்பக்கம் பிரித்துவிட்டிருக்கிறார்,
மறுநாள் காலை திரும்பப் பிடித்திருக்கிறார்.
ஊசித் துளைகள் இரண்டு வரிசை,
எறும்பு போன தடம் மாதிரி.
காலர் மடிப்பில் பேன்கேக், இரண்டு நிறத்தில்.

நான் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன்.
சரிகையும் செம்புக் கம்பிதான்,
முலாம் பூசிக்கொண்ட செம்பு.
அதனால்தான் பழுது கண்ணில் பட்டது:
நெஞ்சருகே கையகலத்துக்குப் பச்சை.
உள்ளே தடவினால்
லைனிங்கில் ஒரு ஜேபி.
கறுப்பு நூலில், தைக்கத் தெரியாதவன் தைத்தது.

ராஜாவுக்கு ஜேபி எதற்கு?

உள்ளே திருத்தணி விபூதி,
நாட்காட்டித் தாளில் மடித்து.
தேதி கிழிந்துவிட்டது. கிழமை வெள்ளி.

அன்றிரவு இரண்டு சிடியையும் போட்டுப் பார்த்தேன்.
கோட்டைச் சுவரிலிருந்து ராஜா குதிக்கிறார்.
நான்கு வினாடி. முகம் அந்தப் பக்கம்.
தெலுங்கிலும் அதே நான்கு வினாடி,
அதே மேகம், அதே புழுதி.
குதிப்பதற்கு மொழி எதற்கு என்று
ஒரே தடவைதான் எடுத்திருக்கிறார்கள்.
அல்லது, முதுகில் ஒட்டுப்போட்ட இடம் இரண்டு இருப்பதால்,
இரண்டு தடவை.
முழங்கைக்குள் வைத்துத் தைத்த பஞ்சு
இன்னும் கட்டியாக இருக்கிறது.

துணி பாதுகாப்பு படித்த ஆதிலட்சுமி
எழும்பூரிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வந்தாள்.
"சாம்பல் ஈரம் இழுக்கும்ணா, செம்பைத் தின்னும்.
எடுத்துடலாம்."
இடுக்கியால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.
பூசிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.
காயில் அளவுச் சீட்டுகளோடு
மேசை இழுப்பறையில் கிடக்கிறது.
பச்சையைத் துடைக்கட்டுமா என்றாள்.
வேண்டாம் என்றேன். ஜேபியும் இருக்கட்டும்.

கண்ணாடிப் பெட்டிமேல் அட்டை எழுதி வைத்திருக்கிறேன்:
அங்கியை அணிந்தவர்கள் என்று போட்டு,
ஒன்று என்று நம்மவர் பெயர்,
இரண்டு என்று அவர்களுடையவர் பெயர்,
மூன்று என்று போட்டு ஒரு புள்ளி.

பார்க்க வருகிறவர்கள்
எழுத மறந்துட்டீங்களே என்கிறார்கள்.