பக்கம் பதினான்கு, வரிசை ஏழு

பியெல்லாவில் பிப்ரவரி.
செர்வோ ஆற்றங்கரைக் கம்பளி ஆலையின்
கடைசி ஐந்தொகை
என் சமையல் மேசையில், ரொட்டித் துகளோடு.
லீட்ஸ்காரர்கள் வாங்கப்போகிறார்கள்.
வெள்ளிக்கிழமைக்குள் ஆங்கிலம் வேண்டுமாம்.

முதலில் எண்கள்.
எங்கள் புள்ளி அவர்களுக்குக் காற்புள்ளி,
எங்கள் காற்புள்ளி அவர்களுக்குப் புள்ளி.
விருந்தில் பேச்சுவார்த்தை அற்ற உறவினர்களைப்போல்
ஒவ்வொன்றையும் எழுப்பி
இடம் மாற்றி உட்காரவைத்தேன்.

பிறகுதான் சொற்கள்.
லாபத்துக்கு எங்கள் ஏட்டில் 'ஊத்திலே' என்று பெயர்.
குடையையும் அப்படித்தான் சொல்வோம்,
கத்தரிக்கோலையும், பயன்படுகிற எதையும்.
ஆங்கிலத்தில் லாபம் வெறும் லாபம்.
ஆலைக்கு மூன்று வருடமாக
இரண்டு அர்த்தத்திலும் அது இல்லை.

நஷ்டத்தை நாங்கள் புதியதற்குள் சுமந்து போகிறோம்.
அவர்கள் முன்னோக்கிச் சுமக்கிறார்கள்.
சுமப்பதில் மட்டும் இரண்டு மொழிக்கும் சண்டையில்லை.

ஒருமுறை வரியை ஒன்பது நாள் பிந்திக் கட்டியிருக்கிறார்கள்.
அதற்குச் சட்டம் வைத்த பெயர்
'உழைக்கும் மனந்திருந்தல்'.
சீக்கிரம் வருந்தினால் அபராதம் குறைவு,
நாளாக நாளாக வருத்தத்தின் விலை ஏறும்.
பாவமன்னிப்புக் கூண்டில்கூட
இப்படி ஓர் அட்டவணையை நான் பார்த்ததில்லை.
'தாமாக முன்வந்து செய்த திருத்தம்' என்று எழுதினேன்.
மனம் மட்டும் எல்லைச் சாவடியில் நின்றுவிட்டது.

வேலையை விட்டுப் போகிறவருக்குத் தரும் தொகை:
'உறவு முடியும்போது நடத்தும் விதம்'.
அறுபத்து மூன்று பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை.
என் விவாகரத்து வக்கீல்
இத்தனை துல்லியமானவர் அல்ல.

புதன் இரவு வரைவை அனுப்பினேன்.
வியாழன் காலை கிளைவ் லம்ப் எழுதியிருந்தார்:

"அன்புள்ள நோயெமி,
பக்கம் பதினான்கு, வரிசை ஏழில்
'துயரங்கள், 412,000 யூரோ' என்றிருக்கிறது.
யாருடையவை?"

ஸொஃபெரென்ட்ஸே.
திரும்பாத கடனுக்கு நாங்கள் சொல்வது.
விடியற்காலை மூன்று மணிக்கு
என் விரல்கள் அதை உள்ளபடியே பெயர்த்துவிட்டன.

திருத்த அரை நிமிடம் போதும்.
நான் பின்னிணைப்பைத் திறந்தேன்.

குனேயோவில் ஒரு தையற்கடை,
சாம்பல் நிறக் கோட்டுத்துணி எண்பது மீட்டர்.
உரிமையாளர் மருத்துவமனையில்.
நொவாராவில் இரண்டு சகோதரர்கள்,
ஒருவர் மேல் ஒருவர் போட்ட வழக்கில்
எங்கள் பில் மூன்றாவது சாட்சி.
தாரந்தோவில் பள்ளிச் சீருடை தைத்தவள்.
மூன்று பதிவுத் தபாலும் திரும்பி வந்தன,
முத்திரையோடு: 'இம்முகவரியில் இல்லை'.

கடைசி வரியில் ஒரு யூரோ நாற்பது சென்ட்.
பெயரில்லை.
கணக்காளர் பொஸ்ஸெத்திக்குப் போன் போட்டேன்.
"அதா? விடுங்கள். நான் சேர்வதற்கு முன்பே இருந்தது.
எடுத்தால் கூட்டல் இடிக்கும்" என்றார்.

லம்புக்கு எழுதினேன்:
"பிழைக்கு மன்னிக்கவும்.
வாராக்கடன் என்று வாசித்துக்கொள்ளவும்."

பதில் உடனே வந்தது:
"நன்றி. முதலில் இருந்ததே எனக்குப் புரிந்தது.
தணிக்கையாளர்தான் ஒத்துக்கொள்ளமாட்டார்."

அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை.
மின்னஞ்சலில் யார்க்‌ஷயர் முகம் தெரியாது.

வெள்ளி மதியம் எல்லாம் போய்ச் சேர்ந்தது,
பெயரில்லாத அந்த வரியும்.
அதன் காற்புள்ளியைப்
புள்ளியாக்கியிருந்தேன்.
வேறென்ன செய்ய.