சறுக்கல்

ராயக்கோட்டையில் ஓர் உரக்கடை மாடி.
யூரியா வாசனைக்கு மேலே என் யானை
மூன்று வாரமாய் ஏரிக்கரை இறங்குகிறது.

நொடிக்கு இருபத்துநான்கு படம்.
முன்பு ஒன்றையும் ஐந்தையும் வரைந்தால்
இரண்டு, மூன்று, நான்கையும் நானேதான் வரையணும்.
இப்போது நடுவில் உள்ளதை அதுவே போட்டுக்கொள்கிறது.
அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை,
கட்டைவிரல் வலி நின்றது.
சம்பளச் சீட்டில் மட்டும்
'ஓவியர்' இருந்த இடத்தில் 'திருத்துநர்' வந்தது.

எடை நாலாயிரம் கிலோ.
சரிவு முப்பத்தைந்து பாகை.
மண், ஈரம்.
உராய்வைக் கொஞ்சம் குறைத்துவிட்டு
டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால்
பின்னங்கால் இரண்டையும் மடக்கி
குண்டியை மண்ணில் வைத்து
சர்ரென்று சறுக்கி இறங்கியிருக்கிறது
நாலு டன்.

நவாஸைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
சிரித்து அவனுக்குப் புரையேறியது.
"பாவம், மிஷின் யானையப் பாத்ததில்ல" என்றேன்.
அழித்தேன்.
மூன்று ராத்திரி உட்கார்ந்து
ஒவ்வொரு காலாய், கண்ணியமாய்,
கோயில் படி இறங்குகிற யானையாய் இறக்கினேன்.
பெங்களூரில் சரி என்றார்கள்.

கார்த்திகை. ராகி அறுப்பு.
சானமாவுக் காட்டோரம் அக்கா வீட்டுக்காரர் திம்மராயன்
காவல் பரணிலிருந்து வீடியோ அனுப்பினார்.
நாற்பது நொடி. ஆடுகிற டார்ச் வெளிச்சம்.
பட்டாசு ஒன்று வெடிக்கிறது.
கரைமேல் யானை நிற்கிறது,
பின்னங்காலை மடக்குகிறது,
உட்காருகிறது,
சறுக்குகிறது.

வால்கூட அதே பக்கம்.

மறுபடி ஓட்டினேன். அதே எண்கள், அதே சரிவு.
இந்த முறை குப்புற விழுந்தது.
அடுத்த முறை பக்கவாட்டில் உருண்டது.
பதினொரு தடவை.
உராய்வை எவ்வளவு குறைத்தேன்?
எழுதி வைக்கவில்லை.
சிரிப்பதற்கு முன்னால் எழுதி வைத்திருக்கணும்.

திங்கட்கிழமை வனச்சரக அலுவலகம்.
மிதிபட்ட ராகிக்கு இழப்பீடு, மனு, ஆதார் நகல்,
கூடவே இந்த வீடியோ.
வனவர் போன மாதம்தான்
கடலூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்.
இரண்டு தடவை பார்த்தார்.
"யானை இப்படியா இறங்கும்?"
"எங்க வயல்ல எறங்குச்சி சார்."
"கூட வந்திருக்கறது யாரு?"
"மச்சினி சார்." திம்மராயனுக்குப் பெருமை.
"கம்ப்யூட்டர்ல யானை செய்யறா."

வனவர் பேனாவை மூடினார்.

என்ன சொல்ல?
நான் செய்தது இப்படி இறங்காது சார்,
நான் செய்தது பொய், அதனால் ஒழுங்காக இறங்கும்
என்றா?
"நேர்ல வந்து பாருங்க" என்றேன்.

ஜீப்பில் போனோம்.
ராகித் தாள் சாய்ந்து கிடந்த திசையிலேயே நடந்தால் கரை.
கரையில், மேலிருந்து கீழ்வரை,
ஒரு பெரிய ஆட்டுக்கல்லை இழுத்துப் போனதுபோல்
வழுவழுவென்று ஒரு தடம்.
விளிம்பில் மண் காய்ந்து செதில் விட்டிருந்தது.
அடியில் நாலு கால் பதிந்த குழி;
முன்னங்கால் குழி ஒன்று மட்டும்
இரண்டு முறை பதிந்திருந்தது.
எடுத்து, யோசித்து,
அதே இடத்தில் திரும்ப வைத்திருக்கிறது.

இது எந்த உராய்வுக் கணக்கிலும் வராது.
எனக்கும் தோன்றியிருக்காது.

வனவர் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார்,
மறுமுனையை நான்.
"அகலம் தொண்ணூத்தி ரெண்டு" என்றேன்.
அவர் படிவத்தில் எழுதினார்.
நான் உள்ளங்கையில்.
"ஆழம்?" என்றார்.
"இருங்க சார்," என்று மண்டியிட்டேன்.
"ரெண்டு எடத்துல பாக்கணும்."