ஆறு மணி மேடு

இரவு பதினொன்று நாற்பதுக்கு
என் தலைக்கு மேலே நடக்கத் தொடங்குவாள் இர்மெலி.
அடுப்படியிலிருந்து சன்னல்வரை பதினோரு அடி.
திரும்புகிற இடத்தில் ஒரு பலகை முனகும்.
மறுபடி பதினொன்று.

நானோ மூன்று மணிக்கு எழுந்து
பனி வழிக்கும் வண்டி ஓட்டப் போகிறவன்.
ஔலு நகரத்து நடைபாதைகளை
ஊர் விழிப்பதற்குள் சுரண்டி, சரளை தூவி வைக்க வேண்டும்.
உட்கார்ந்தே செய்கிற வேலை.

ஒன்பது வருடம் ஒரே கட்டடம்.
வணக்கத்துக்கு மேல் பேசியதில்லை.
இங்கே அதற்குப் பெயர் மரியாதை.

ஒருநாள் லிஃப்டில் அவள் மணிக்கட்டு அதிர்ந்தது.
குட்டித் திரையில் வாணவேடிக்கை,
நடுவில் ஒரு பனிமான்.
"முந்நூறு நாள், தினம் பத்தாயிரம் அடி,
ஒருநாளும் விட்டதில்லை" என்றாள்
கதவைப் பார்த்தபடி.
"நானூறுக்குக் கரடி."
பல் மருத்துவமனையில் கணக்கு எழுதுபவள்,
வயது ஐம்பத்தாறு.
கரடி என்று சொன்னபோது மட்டும் ஏழு.

பனிமானை நாங்கள் உருளைக்கிழங்கோடு சாப்பிடுவோம்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
என் தளம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு படுத்தபடியே எண்ணத் தொடங்கினேன்.
முடிந்ததும் ஒரு நொடி நிற்பாள்,
குதிகாலால் தரையை ஒரு தட்டு.
கிடைத்துவிட்டது.
இனி நானும் தூங்கலாம்.

சனவரியில் ஓரிரவு
அந்தத் தட்டு கேட்கவேயில்லை.
மறந்தாளா, தோற்றாளா என்று புரண்டு புரண்டு
விடியலுக்குச் சற்று முன் அயர்ந்துபோனேன்.
நாற்பது நிமிடம் தாமதமாக வண்டியை எடுத்தேன்.
அந்த நாற்பது நிமிடத்துக்குள்
என் சரளை விழாத பாலத்தடியில்
அதிகாலை நடைக்கு வந்த ஒருத்தி வழுக்கி விழுந்தாள்.
கணுக்கால், இரண்டு இடத்தில்.

யாரென்று சொல்ல வேண்டுமா?

ஏலக்காய் ரொட்டி வாங்கிக்கொண்டு
முதன்முதலாக அவள் கதவைத் தட்டினேன்.
மாவுக்கட்டை நாற்காலிமேல் நீட்டியிருந்தாள்.
என் மன்னிப்பு பாதியில் இருக்கும்போதே
கைக்கடிகாரத்தைக் கழற்றினாள்.
"முந்நூற்று எழுபத்தொன்று. நள்ளிரவுக்குள் வேண்டும்.
நடப்பீர்களா?"
"கள்ள ஓட்டு மாதிரி இல்லையா?"
"கால்தான் உங்களுடையது.
பிடிவாதம் என்னுடையது."

நடந்தேன்.
முதல் வாரம் கெண்டைக்கால் கல்லாய் இறுகியது.
வண்டிக் கண்ணாடிக்குள் இருந்து தெரியாத ஒன்று
காலுக்குத் தெரிந்தது:
பள்ளிக்கூட வாசலில் என் கத்தி
விட்டுவைத்துப் போகிற பனி வரப்பு.
இருபது வருடமாக எத்தனை பேர் தாண்டினார்களோ அதை.
மறுநாள் கத்தியை இரண்டு விரல் இறக்கினேன்.
அதற்கு யாரும் சின்னம் தரவில்லை.

தினமும் ஆறு மணிக்கு
கடிகாரத்தை அவளிடம் காட்டிவிட்டு வர வேண்டும்.
ஒரு மாலை கைபேசியை என் பக்கம் திருப்பினாள்.
ஏதோ மலைத்தொடர்.
"உங்கள் இதயம்" என்றாள்.
"நடக்கும்போது நூறு. சரி.
தூங்கும்போது ஐம்பத்தெட்டு. சரி.
தினம் ஆறு மணிக்கு மட்டும் ஒரு மேடு,
நூற்றிருபது. இதென்ன?"
"படி ஏறி வருகிறேனே."
அவள் விரலால் திரையை நகர்த்தினாள்.
"ஏறிய மாடிகள்: பூச்சியம்.
நீங்கள் லிஃப்டில் வருகிறீர்கள்."

ரொட்டி நன்றாயிருக்கிறது என்றேன்.
அன்று ரொட்டி இல்லை.

மறுநாளிலிருந்து படியேறித்தான் போனேன்.
மேடு ஓரடிகூட உயரவில்லை,
தாழவும் இல்லை.

நானூறாவது நாள் வெளியே முப்பது டிகிரி உறைகுளிர்.
இரவு பதினொன்று நாற்பது,
இன்னும் முந்நூறு பாக்கி.
அடுப்படியிலிருந்து சன்னல்வரை நடந்தேன்.
எனக்கு ஒன்பது அடிதான், கால் நீளம்.
மேலே சத்தமே இல்லை.
அவள் எண்ணுகிறாள் என்பது தெரிந்தது.

கை அதிர்ந்தது.
கரடி ஒன்று பின்னங்காலில் எழுந்து நின்று
முட்டாள்போல் கையசைத்தது.
நான் குதிகாலைத் தூக்குவதற்குள்
மேலிருந்து ஊன்றுகோல் தட்டியது,
ஒருமுறை. கொஞ்சம் பொறுத்து
இன்னொரு முறை.

கீழ்வீட்டு மாணவன் எரிக்,
காலையில் தேர்வு போலிருக்கிறது,
வெந்நீர்க் குழாயைக் கரண்டியால் அடித்தான்.