இதெ, இதே

விலைப்பட்டியல் ஒற்றைத் தாள்.
கம்மனஹள்ளிக் கடையின் பச்சை முத்திரை,
'திருமதி செலின் அருள்தாஸ், லிங்கராஜபுரம்',
அதன் கீழே பதினோரு வரி.
முன்பணம் கொடுத்த அன்றே
பிளாஸ்டிக் உறையில் போட்டுவைத்தேன்,
வார்டில் கேஸ் ஷீட்டைப் போடுவதுபோல.

இரவுப் பணி முடிந்து ஆறேமுக்காலுக்கு வருகிறேன்.
டிசம்பர்த் தண்ணீர்
எலும்பைத் தொட்டுவிட்டுத்தான் தரையில் விழும்.
மருந்து வாசனையோடு படுக்கப் பிடிக்காது.
அதற்காகத்தான் மொட்டைமாடியில் இந்தச் சூரிய அடுப்பு.
அடுப்பு என்றதும் கடைக்காரர் புட்டசாமி சிரித்தார்.

ஈரண்ணா மூன்று மணி நேரத்தில் பூட்டிவிட்டான்.
"ஆய்த்து அக்கா. கையெழுத்து?"

"இருங்க."
ரத்தம் ஏற்றுமுன் எங்கள் ஆஸ்பத்திரியில்
இரண்டு பேர் நிற்போம்.
ஒருத்தி பையில் இருப்பதை வாசிப்பாள்,
ஒருத்தி மணிக்கட்டில் இருப்பதைப் பார்ப்பாள்.
இருபது வருடம் பழகிய கையானாலும்
வாய்விட்டுத்தான் வாசிக்க வேண்டும்.
மனசுக்குள் படித்தால்
கண் தனக்கு வேண்டியதைப் படித்துக்கொள்ளும்.

நான் வாசித்தேன். அவன் தொட்டுக் காட்டினான்.
தொட்டி, இருநூறு லிட்டர்.
"இதெ."
கண்ணாடிக் குழாய், இருபது.
அவன் இடமிருந்து எண்ண, நான் வலமிருந்து எண்ண,
நடுவில் ஆளுக்குப் பத்தாக நின்றோம்.
"இதெ."
இருக்கிறது என்று அவன் மொழியில் அர்த்தம்.
என் காதில் அது 'இதே' என்று விழுகிறது:
சொன்னது இதே, எழுதியது இதே.
காற்றுக்குழாய். "இதெ." வால்வு இரண்டு. "இதெ."

தாங்கி, எவர்சில்வர்.

அவன் குனிந்து
கையிலேயே இருந்த ஸ்பேனரைத் தேடினான்.

ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து எடுத்துவந்திருந்தேன்,
மகன் ஸ்கூல் டூரில் வாங்கிய மீன் காந்தம்.
தாங்கியின் காலருகே கொண்டுபோனேன்.
டக்கென்று ஒட்டிக்கொண்டது மீன்.
வெள்ளிப் பெயின்டுக்கு அடியில் இரும்பு.
"இதெ?" என்றேன்.
"இல்ல," என்றான்.
அந்த ஒரு சொல்லுக்கு
இரண்டு மொழியிலும் பேதமில்லை.

போனில் புட்டசாமி:
ரெண்டும் வெயிட் தாங்கும் மேடம்,
ஆயிரத்தைந்நூறு குறைச்சுக்கறேன்.
குரூப் மாறின ரத்தத்தை ஏற்றிவிட்டு
பில்லில் குறைப்பீங்களா என்று
நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.
"எழுதினதைப் பூட்டுங்க.
ஈரண்ணா கூலியில கை வைக்காதீங்க,
நீங்க குடுத்ததைத்தானே அவர் பூட்டினார்."
மறுமுனையில் ஒரு இருமல்.

வியாழக்கிழமை புதுத் தாங்கி வந்தது.
மீன் வழுக்கி விழுந்து வால் உடைந்தது.
பரவாயில்லை.

ஒன்பதாவது வரி: திசை, நேர் தெற்கு.
போனிலிருந்த முள் ஒத்துக்கொள்ளவில்லை.
கொஞ்சம் கிழக்கே திரும்பியிருந்தது மொத்தமும்.
நான் நிமிர்ந்தேன்.
அவன் ஒன்றும் பேசாமல் மேற்கே கைகாட்டினான்.
பக்கத்து வீட்டு மொட்டைமாடியில்
புதுத் தூண்களுக்குக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.
சுவர் எழும்பினால் மூன்று மணிக்கே நிழல்.
காலை வெயிலையாவது முழுசாய் வாங்கட்டும் என்று
அவனாகத் திருப்பி வைத்திருக்கிறான்.
பதினோரு வரியில் எதிலும்
இந்த யோசனைக்கு விலை போட்டிருக்கவில்லை.

'நேர் தெற்கு' மேல் ஒற்றைக் கோடு இழுத்தேன்,
அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி,
கேஸ் ஷீட்டில் திருத்துகிற மாதிரி.
'சற்றுக் கிழக்கே' என்று எழுதி
தேதி, சுருக்கொப்பம்.
பக்கத்தில் அவன் கன்னடத்தில் போட்டான்,
உருண்டை உருண்டையாய், நிதானமாய்.

ஐந்து வருட உத்தரவாதம் என்ற கடைசி வரியை
எங்கே தொட்டுக் காட்டுவதென்று
இருவருக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை, ஆறேமுக்கால்.
குழாயைத் திருகிவிட்டுக் கையை நீட்டினேன்.
முதலில் வந்ததெல்லாம் பைப்பில் இரவு தங்கிய குளிர்.
எண்ணத் தொடங்கினேன், பழக்கதோஷம்.
நாற்பது.
நாற்பத்தொன்றில் சூடு வந்தது.