கருப்பு ஆடு ஒன்று

எங்கள் சபையில் போதகர் கிடையாது.
மேடை கிடையாது, ஆர்மோனியம் கிடையாது.
நாலு பக்கமும் நாற்காலி, நடுவில் மேசை,
வெள்ளைத் துணிக்கடியில் ஒரே அப்பம்.
சனிக்கிழமை ராத்திரி அதைச் சுடுகிறவள் நான்.
ஞாயிறு காலை முக்காடிட்டுப்
பேசாமல் இருப்பவளும் நான்.
ஆவியானவர் ஏவினால் சகோதரர்கள் எழும்புவார்கள்.
சகோதரிகளை அவர் ஏவுவது
பெரும்பாலும் அடுப்படியில்.

ஆடி முடிய ஒரு வாரம் இருக்கையில்
கீழணை மதகுகளைத் தூக்கிவிட்டார்கள்.
கொள்ளிடம் படுகைக்குள் வந்தது:
மல்லிகைக் கொல்லை, கத்தரிப் பாத்தி,
பிறகு வாசல், பிறகு அடுப்பு.

வேற்றூர் விசுவாசியே ஆனாலும்
சிபாரிசுக் கடிதம் காட்டாமல்
பின்வரிசையைத் தாண்ட முடியாத மண்டபத்துக்குள்
நாற்பத்தொரு குடும்பம்
கோழிகளோடு வந்து உட்கார்ந்தது.

மூப்பர் எபிராயீம்,
மின்வாரியத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர்,
எழுந்தால் ஒரு மணி நேரம் பேசுகிறவர்,
"என்ன செய்யலாம் சிஸ்டர்?" என்றார்.
அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

ஆறு நாள் கத்தினேன்.
தெருப் பிரசங்கத்துக்கென்று வாங்கிய மெகாபோனில்
படகுக்காரரைக் கூப்பிட்டேன், லாரியை மறித்தேன்.
கும்பகோணத்திலிருந்து ஒரே நிற பனியனில் வந்து
படம் பிடித்துக்கொண்டு நின்ற தம்பிகளை
"அண்டாவைப் பிடிங்கப்பா முதல்ல" என்றேன்.
பிடித்தார்கள்.
சகோதரர் எஸ்றா வெங்காயம் உரித்தார்.
அந்த அதிசயத்தைப் பார்க்க அவர் மனைவி
ஜன்னலுக்கு இரண்டு தரம் வந்து போனாள்.

இடையில் ஒரு ஞாயிறு.
மேசைக்கடியில் காய்ச்சல்காரப் பிள்ளைகள் தூங்கினார்கள்.
மாடிப்படியில் நின்றபடி அப்பம் பிட்டோம்.
மூன்று நிமிடம்.
உலை கொதித்துக்கொண்டிருந்தது.

தண்ணீர் வடிந்தது. பினாயில் ஊற்றிக் கழுவினோம்.
கோழி வாசனை போகவில்லை.
அடுத்த ஞாயிறு பழையபடி
நாலு பக்கமும் நாற்காலி, நடுவில் மேசை,
என் தலையில் முக்காடு.
மௌனம் நீண்டது.
எபிராயீம் எழுந்தார்.
வேதத்தைத் திறந்தார்,
வசனத்துக்கல்ல, உள்ளே மடித்திருந்த டைரித் தாளுக்கு.
என் கையெழுத்து, மஞ்சள் கறையோடு.

பாய் எழுபத்து மூன்று, என்று வாசித்தார்.
கொசுவத்தி ஒன்பது பெட்டி, போதாது.
டிராக்டர் டீசல், ஜபருல்லா ராவுத்தர்,
காசு வாங்க மறுத்துவிட்டார்.
பிரசவம் ஒன்று, சீர்காழி ஆஸ்பத்திரி, பெண் குழந்தை.
அடுத்த வரியில் நின்றார்.
தொண்டையைச் செருமிக்கொண்டு,
நாப்கின் நூற்றிருபது, என்றார்.
சுவருக்கே அந்தச் சொல் புதிது.
கடைசியாக,
தையல்நாயகியின் கருப்பு ஆடு ஒன்று. தேடவும்.

வியாழக்கிழமையே நான் அடித்துவிட்ட வரி அது.
கோட்டுக்கடியில் இருந்ததைப் படித்துவிட்டு
உட்கார்ந்தார்.
ஆமென் சொல்வதா என்று
ஒருவருக்கும் தெரியவில்லை.

"இன்னும் கெடைக்கலீங்க"
என்றது பின்வரிசை.
கடன் வாங்கிய பாயைத் திருப்பித் தர வந்தவள்,
சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு
கூட்டம் முடியக் காத்திருந்தாள்.
பெண்கள் இங்கே பேசுவதில்லை என்று
அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.
இப்போதும் சொல்லவில்லை.

அப்பம் சுற்றி வந்தது.
வழக்கம்போல் பின்வரிசைக்கு முன்னால் திரும்பியது.
அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது,
மாவு பிசைகிறவள் நான்.

கூட்டம் முடிந்ததும் ஆறு பேர்
சேறு மிதித்துக் கரைக்குப் போனோம்.
எபிராயீம் வேட்டியை மடித்துக் கட்டி
மெகாபோனை வாய்வரை கொண்டுபோனார்.
ஆட்டை என்னவென்று கூப்பிடுவது?
என்னிடம் நீட்டினார்.
நான் தையல்நாயகியிடம் கொடுத்தேன்.
பெயர் அவளுக்குத்தானே தெரியும்.