தொட்டி வண்டி

குழாயைத் திருகினேன்.
இருமியது.
துருவாக இரண்டு சொட்டு. அவ்வளவுதான்.

வரவேற்பு மேசைக்காரர் மன்னிப்புக் கேட்டு
ஆளுக்கு இரண்டு பாட்டில் தந்தார்.
பள்ளத்தாக்கின் அடியில் பைப் உடைந்துவிட்டதாம்.
ராத்திரிக்குள் லாரி வந்துவிடுமாம்.
"கேட்டுப் பழகிய வசனம்" என்றேன் தமிழில்.
அவர் சிரித்துவைத்தார்.

ஜன்னலுக்கு வெளியே
ஒரு மைல் ஆழம்.
அடியில், யாரோ நழுவவிட்ட ரிப்பன்போலக்
கொலராடோ.
இத்தனை பாறையையும் அரமாக அராவியது
அந்தத் தண்ணீர்தான்.
கண்ணுக்கு எட்டுகிறது,
குவளைக்கு எட்டவில்லை.

இது தெரியாமலா
விளிம்பில் கொண்டுவந்து ஓட்டல் கட்டியது
ரயில் கம்பெனி?
தெரியும்.
தண்டவாளம் முடிகிற இடத்தில்
தரையும் முடிந்துபோனால்
டிக்கெட் வாங்கியவன் மூச்சடைத்து நிற்பான்,
பிறகு அறை கேட்பான்.
தண்ணீர்?
அதுவும் ஒரு சரக்கு. ஏற்றி வந்தால் போயிற்று.

அப்படித்தான் அரிசோனாவின் காய்ந்த மேட்டில்
நூற்றிருபது மைல்
முக்கி முனகி ஏறின தொட்டி வண்டிகள்.
வழியில்
இழுத்து வந்த எஞ்சினே
தன் பங்கைக் குடித்துக்கொண்டது.

மாடிப்படிக்கு அடியில் கண்ணாடிப் பெட்டி,
அதற்குள் சலவைக்கூடத்தின் பழைய கணக்கு நோட்டு.
ஹுல்டா லிண்ட்க்விஸ்ட் என்று கையெழுத்து,
ஈரக்கையால் எழுதியதுபோல் ஊறிப் பரவியிருக்கிறது.
திங்கள்: விரிப்பு இருநூற்றுப் பத்து.
செவ்வாய்: பனி. வண்டி வரவில்லை.
புதன்: வரவில்லை. இருப்பது சமையலுக்கு மட்டும்.
வியாழன்: பாஸ்டன் சீமாட்டிக்குக்
குளிக்க வேண்டுமாம், தொட்டி நிறைய.
அடுத்த வரியை அடித்திருக்கிறாள்.
கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்தேன்.
ஒரு சொல் தப்பியிருந்தது:
துப்பினேன்.

அதே பக்கத்தின் ஓரத்தில்
"பள்ளம் வெட்டிய ஆட்கள், ஆறு."
ஹவசுபாய்கள்.
நீலப்பச்சை நீரின் மக்கள் என்று அர்த்தமாம் அந்தப் பேருக்கு.
நோட்டில் அவர்களுக்குப் பேர் இல்லை,
கூலி இருக்கிறது.

ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்குத்
தண்ணீர் ரயில் வந்த வருஷம்
நான் மூன்றாவது மாடியில் குடியிருந்தேன்.
டிவியில் எஞ்சினுக்குப் பூ.
என் பக்கெட்டில் பல்லி.
அந்த ரயிலின் ஒரு சொட்டும்
எங்கள் தெருவுக்கு வரவில்லை என்று
ஹுல்டாவிடம் சொல்ல ஆசை.
அவள் புரிந்துகொள்வாள்,
அடித்துவிட்டு எழுதுவாள்.

சாயங்காலம் எல்லாரும் வெளியே நாற்காலி போட்டு
சூரியன் விழுந்ததற்குக் கைதட்டினார்கள்.
பாறைகள் ஒவ்வொன்றாகக்
காவி, கத்தரிப்பூ, கரி.
என் கையிலிருந்த பாட்டிலில் பாதி மிச்சம்.
பல் துலக்கவா, குடிக்கவா என்று
யோசித்துக்கொண்டிருந்தபோது
அழகைப் பார்க்கத் தவறினேன்.

ராத்திரி ஒன்றே கால்.
பின்பக்கம் ஒரு வண்டி
பின்னோக்கி வரும் பீப் பீப்.
உலகத்தில் எங்கே கேட்டாலும்
என் கால் தானாக எழுந்துகொள்ளும் சத்தம்.

ஐஸ் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
எனக்கு முன்னால்
ஏற்கெனவே நான்கு பேர்,
ஓட்டலின் வெள்ளை அங்கியில்,
வரிசையில்.